கட்டர் கத்தி: எந்த வேலைக்கு எந்த பிளேடு?

கட்டர் கத்தியில் எத்தனை வகை உண்டு, வீட்டு வேலைக்கும் சிறு பட்டறை வேலைக்கும் எது பொருந்தும், விலை கூடியதை வாங்கினால் நீண்ட நாள் உழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பலரும் காசை வீணாக்குவது அங்கேதான்.

சமையலறைக் கத்தியைச் சாணை பிடித்துப் பிடித்துப் பல வருடம் வைத்துக்கொள்ளலாம். கட்டர் கத்தியில் கைப்பிடி மட்டும்தான் நிலைத்து நிற்கும். பிளேடு செலவாகிப் போகிற பொருள். மழுங்கிய கூரை நொடியில் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கூரோடு வேலையைத் தொடர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கத்தியை உருவாக்கினார்கள். உள்ளலங்கார வேலையில் நாள் முழுக்கக் கட்டரோடு புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பளபளக்கும் கைப்பிடிக்கு முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, பிளேடு பாக்கெட் வாங்க யோசிக்கிறவர்களின் கையில்தான் அதிகம் காயம் பார்த்திருக்கிறேன். சுமாரான கைப்பிடியும் நல்ல பிளேடும் போதும். வகை பிரிப்பதும் பிளேடை வைத்துத்தான்.

(கட்டர் கத்தியை ஆங்கிலத்தில் ‘யூட்டிலிட்டி நைஃப்’ என்பார்கள். அதே பெயரில் சமையல் கத்தி செட்டுகளிலும் ஐந்தாறு அங்குல நீளத்தில் ஒன்று வரும். தக்காளி, பழம், ரொட்டி வெட்டுவதற்கானது. அது வேறு சங்கதி, இங்கே அதைப் பேசவில்லை.)

முதலில், நம் ஊர் ஸ்டேஷனரிக் கடை முதல் ஹார்டுவேர் கடை வரை எங்கும் தொங்கும் உடைத்துப் போடும் பிளேடு. பிளேடின் மேல் சாய்வாகக் கோடு கோடாக இருக்குமே, அதுதான். இது ஜப்பானியக் கண்டுபிடிப்பு. ஒசாகாவில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா 1956இல் இதை உருவாக்கினார். அன்றைக்கு அச்சகங்களில் காகிதம் வெட்டச் சவர பிளேடுதான். அதில் மூலை மட்டும் மழுங்கும், மீதி நன்றாக இருக்கும்போதே தூக்கிப்போட வேண்டியிருக்கும். செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடித் துண்டை உடைத்து உடைத்துப் புது விளிம்பில் தோல் சீவுவதையும், அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்த சாக்லேட் பட்டையில் உடைத்துச் சாப்பிடக் கோடு போட்டிருந்ததையும் சேர்த்து யோசித்ததில் இந்த பிளேடு பிறந்தது என்று அவர் தொடங்கிய ஓல்ஃபா நிறுவனம் சொல்கிறது.

இதில் அகலம்தான் முக்கியம். 9 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் என்ற மூன்றும் பொதுவானவை. 9 மி.மீ. பிளேடு சுமார் 0.38 மி.மீ. தடிமன், காகிதம், சார்ட், ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ், சுவரில் ஒட்டும் வால்பேப்பர் ஆகியவற்றுக்கு. 18 மி.மீ. பிளேடு 0.5 மி.மீ. தடிமன், அட்டைப்பெட்டி, ரெக்ஸின், தரை விரிப்பு, ஜிப்சம் போர்டு வரை போகும். 25 மி.மீ. பிளேடு 0.7 மி.மீ. தடிமன், தடித்த இன்சுலேஷன், ரப்பர் ஷீட், கனமான விரிப்பு போன்றவற்றுக்கு. வீட்டில் 25 மி.மீ. தேவைப்படாது. எண்ணிக்கையில் சிறிய வித்தியாசம்போலத் தெரிந்தாலும் கையில் பிடித்து அழுத்தும்போது புரியும். 9 மி.மீ. பிளேடை வைத்து மூன்றடுக்கு அட்டைப்பெட்டியை அறுத்தால் பிளேடு வளைகிறது. வளைந்தால் கோடு கோணலாகிறது. இன்னும் அழுத்தினால் நடுவில் ஒடிந்து துண்டு தெறிக்கிறது.

அந்த பிளேடை எப்படி உடைப்பது என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். உடைக்கப் போகும் ஒரே ஒரு துண்டு மட்டும் வெளியே வரும்படி பிளேடைத் தள்ளிப் பூட்டுங்கள். கோடு கீறியிருக்கும் பக்கம் மேலே பார்க்கட்டும். பிளேடின் நுனியைக் குறடால் கவ்விக் கீழ்நோக்கி மடக்குங்கள். அதாவது, கீறல் வாய் விரியும் திசையில் மடக்க வேண்டும். ‘டிக்’ என்று சுத்தமாக ஒடியும். எதிர்த்திசையில் மடக்கினால் பிளேடு முரண்டு பிடிக்கும், பிறகு ஒடிகிற இடம் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. 9 மி.மீ. கத்தியின் பின்பக்கம் சட்டைப்பையில் மாட்டுகிற கிளிப்போடு ஒரு மூடி இருக்கும். அதை உருவிப் பார்த்தால் மெல்லிய பிளவு தெரியும். பிளேடின் நுனியை அதில் செருகி உடைப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். மேசை விளிம்பில் தட்டியும், சுவரில் ஊன்றியும், விரலால் பிடித்தும் உடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. தெறிக்கிற துண்டு கண்ணுக்குப் போக ஒரு கணம் போதும். உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டு இரண்டு விதம். தள்ளிவிட்டால் தானே நிற்கும் ஸ்லைடர் ஒன்று. திருகி இறுக்கும் சக்கரம் இன்னொன்று. எடுப்பதும் வைப்பதுமான லேசான வேலைக்கு ஸ்லைடர் வசதி. அழுத்தி வெட்டும் வேலைக்குச் சக்கரம் வைத்ததே வேண்டும். வாங்கும்போது பிளேடைப் பூட்டிவிட்டு நுனியை மரக்கட்டையில் லேசாக ஊன்றிப் பாருங்கள். பின்னுக்கு நழுவினால் அந்தக் கத்தி வேண்டாம். பிளேடு நகரும் பள்ளமான காடி உள்ளே உலோகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் காடியில் ஓடும் பிளேடு நாளடைவில் ஆட ஆரம்பித்துவிடும்.

இரும்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. பாக்கெட்டின் மேல் எஸ்கே-5, எஸ்கே-2 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். இவை ஜப்பானியத் தரப் பெயர்கள். எஸ்கே-5இல் கார்பன் சுமார் 0.85 சதவீதம், எஸ்கே-2இல் சுமார் 1.2 சதவீதம். கார்பன் கூடினால் கடினம் கூடும், கூர் கொஞ்சம் நீடிக்கும், கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். கறுப்பு பிளேடு என்று விற்பது இன்னும் மெல்லிய கோணத்தில் தீட்டியது. காகிதத்திலும் வினைலிலும் வெண்ணெயாக இறங்கும். கடினமான பொருளில் பட்டால் விளிம்பு சீக்கிரம் பொரிந்துவிடும். எதுவானாலும் கார்பன் எஃகு துருப்பிடிக்கும். கடலோர ஊரில் இருக்கிறீர்கள் என்றால் பாக்கெட்டைத் திறந்து வைக்காதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வரும், அதைத் துடைத்துவிடவும் வேண்டாம்.

அடுத்தது ஸ்டான்லி வகை. இரண்டு பக்கமும் சாய்ந்த நாற்கர பிளேடு, கனமான உலோகக் கைப்பிடி. அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் பரப்பிய வடிவம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் எந்த நிறுவனம் செய்ததானாலும் மக்கள் இதை ஸ்டான்லி கத்தி என்றே சொல்கிறார்கள். உடைக்கும் பிளேடுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விறைப்பு. இதில் கீறல் கோடு கிடையாது, வெளியே நீட்டும் நீளமும் குறைவு. கனரக பிளேடு 0.65 மி.மீ. அளவு தடிமன். அதனால் பக்கவாட்டில் வளையாது, கோடு பிசகாது. ஒரு முனை மழுங்கினால் கழற்றித் திருப்பிப் போட்டு மறுமுனையைப் பயன்படுத்தலாம். சில கைப்பிடிகளின் உள்ளேயே மாற்று பிளேடுகள் வைக்க அறை உண்டு. தச்சர்கள் பென்சிலுக்குப் பதில் இதன் நுனியால் மரத்தில் கோடு கீறுவார்கள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கோட்டுக்கு இல்லை. உளி நேராக அந்தக் கீறலில் உட்காரும்.

ஜிப்சம் போர்டு வேலைக்கு இதைத்தான் கையில் எடுப்பேன். அந்த போர்டை முழுக்க அறுக்கத் தேவையில்லை என்பது புதிதாகச் செய்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. முன்பக்கக் காகிதத்தையும் கொஞ்சம் உட்புறத்தையும் ஒரே இழுப்பில் கீறுங்கள். போர்டைப் பின்பக்கமாகத் தட்டி மடக்கினால் ஜிப்சம் அந்தக் கோட்டிலேயே ஒடிந்துவிடும். பிறகு பின்பக்கக் காகிதத்தை மட்டும் மடிப்பில் கத்தியால் வெட்டிவிடலாம். தூசியும் இல்லை, விளிம்பும் நேராக வரும். ஆனால் ஜிப்சம் பிளேடைத் தின்றுவிடும். சில போர்டுகளுக்குள் முனை மாற்றியாக வேண்டும்.

இதே கைப்பிடியில் கொக்கி பிளேடு பொருத்தலாம். இதன் அருமை பலருக்குத் தெரியாது. நுனி உட்புறமாக வளைந்து, கூர் அந்த வளைவுக்குள் இருக்கும். வெட்ட வேண்டிய பொருளின் விளிம்பில் மாட்டி இழுத்தால் போதும். அடியில் என்ன இருக்கிறதோ அதில் கீறல் படாது. வினைல் தரை விரிப்பு, கார்பெட், பேக்கிங் பட்டி எல்லாவற்றுக்கும் இது பிரமாதம். ஃபிரிட்ஜ் வந்திறங்கிய பெட்டியின் பட்டியைச் சாதாரணக் கட்டரால் அறுத்து, உள்ளே கதவில் கோடு போட்டுவிட்டவர்களின் புலம்பலை நிறையக் கேட்டிருக்கிறேன். கொக்கி பிளேடு இருந்தால் அந்த வம்பே இல்லை.

மைக்கா கட்டர் தனி ஜாதி. இது அறுப்பதில்லை, சுரண்டி எடுக்கிறது. பிளேடின் நுனி பறவை அலகு போல வளைந்திருக்கும்; இழுக்க இழுக்க மெல்லிய சுருளாகத் துகள் வெளியே வரும். பிளைவுட்டில் ஒட்டும் 0.8 மி.மீ., 1 மி.மீ. மைக்கா ஷீட், அக்ரிலிக் ஷீட் இரண்டுக்கும் இதுவே சரியான கருவி. மைக்காவின் டிசைன் பக்கம் மேலே இருக்கட்டும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து முதல் இழுப்பை மிக லேசாக இழுங்கள். அந்த முதல் இழுப்பு பாதை போடுவதற்கு மட்டும்தான். அதில் பலம் காட்டினால் கட்டர் ஸ்கேலைவிட்டு ஓடி ஷீட்டின் குறுக்கே கோடு போட்டுவிடும். ஒட்டிய பிறகு அந்தக் கோட்டை எதை வைத்தும் மறைக்க முடியாது. பாதை விழுந்த பிறகு நான்கைந்து முறை அழுத்தி இழுங்கள். ஷீட்டின் பாதித் தடிமன் போனதும் ஸ்கேலைக் கோட்டின் மேலேயே வைத்து அழுத்திக்கொண்டு, வேண்டாத பக்கத்தை மேல்நோக்கித் தூக்குங்கள். டிசைன் பக்கம் பிசிறில்லாமல் ஒடியும். அக்ரிலிக்கில் இது தலைகீழ். கோட்டை மேசை விளிம்புக்கு நேராக வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கீழ்நோக்கி ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். இரண்டு, மூன்று மி.மீ. அக்ரிலிக் இப்படி நன்றாக ஒடியும். அதற்கு மேல் தடிமனானால் ரம்பத்துக்குப் போய்விடுவதே நல்லது.

நுண்ணிய கைவேலைக்குப் பேனா போன்ற கத்தி. அமெரிக்காவின் எக்ஸாக்டோ இதில் பேர்போனது. அதன் 11ஆம் எண் பிளேடு, நீண்ட முக்கோண நுனியோடு, உலகமெங்கும் மாதிரி செய்கிறவர்களும் ஓவியர்களும் கைக்கொள்ளும் வடிவம். ஸ்டென்சில் வெட்ட, காகிதக் கலை, கட்டட மாதிரிகள், வண்டிகளில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரில் சின்னச் சின்ன எழுத்துகள். இதை எழுதுவதுபோலப் பிடித்து, வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் காகிதத்தைத் திருப்ப வேண்டும். பெரிய வேலைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், நுனி ஒடிந்துவிடும். 9 மி.மீ. கட்டரிலேயே 30 பாகைக் கூர்முனை பிளேடும் கிடைக்கிறது. தனிப் பேனாக் கத்தி வாங்க மனமில்லாதவர்களுக்கு அது பாதி வழி.

துணி வெட்டுகிறவர்களுக்கு உருளும் வட்டக் கத்தி. இதுவும் ஓல்ஃபா 1979இல் கொண்டுவந்ததுதான். 45 மி.மீ. வட்டம் பொதுவான அளவு. கீழே கட்டிங் மேட் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், டைல்ஸில் காய்ந்த பெயின்ட் எடுக்க ஸ்கிரேப்பர் உண்டு. கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் நனைத்துவிட்டு, முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். பின்னுக்கு இழுத்தால் சிக்கிய மணல் கண்ணாடியைக் கீறும்.

எலக்ட்ரீஷியன்கள் கட்டரால் ஒயர் சீவுவதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் உறையைச் சுற்றி அழுத்தும்போது பிளேடு செம்பையும் கீறிவிடுகிறது. கீறிய இடத்தில் கம்பி பலமிழக்கிறது, பிறகு அங்கேயே ஒடிகிறது அல்லது சூடாகிறது. அந்த வேலைக்கு ஸ்ட்ரிப்பர் இருக்கிறது. கேபிளின் வெளி உறையைப் பிரிக்கக் கத்திதான் வேண்டும் என்றால் அதற்கான கேபிள் கத்தி வாங்குங்கள். மின்சாரம் ஓடும் இடத்தில் வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்களுக்கென்று 1000 வோல்ட் வரை தாங்கும் காப்புக் கத்திகள் இரட்டை முக்கோணக் குறியோடு தனியாக வருகின்றன. சாதாரணக் கட்டரின் பிளாஸ்டிக் கைப்பிடியை அப்படி நம்பவே கூடாது. பிளேடு கைப்பிடிக்குள்ளே கடைசி வரை ஓடுகிறது, ஸ்லைடரும் சில கத்திகளில் உலோகம்.

கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி பிரிக்கும் ஆட்களை வைத்திருப்பவர்கள் பாதுகாப்புக் கத்திகளுக்கு மாறுவது அவசியம். விரலை எடுத்த கணத்தில் பிளேடு தானே உள்ளே போய்விடுவது ஒரு வகை. இன்னொன்றில் பொருளிலிருந்து பிளேடு விடுபட்டதுமே, விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாலும், உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்றாவதில் பிளேடு ஒரு குறுகிய வாய்க்குள் மறைந்தே இருக்கும். டேப்பும் பட்டியும் உள்ளே நுழையும், விரல் நுழையாது. சிர்க்கோனியாப் பீங்கான் பிளேடு வைத்தவையும் உண்டு. துரு பிடிக்காது, காந்தத்தில் ஒட்டாது. ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் ஒடிந்துவிடும்.

இனி வெட்டும் முறை. மழுங்கிய பிளேடுதான் ஆபத்தானது. அது வெட்டாததால் நாம் அழுத்துகிறோம். அழுத்தும்போது திடீரென்று வழுக்கினால் அத்தனை பலமும் கைக்குள் இறங்குகிறது. காகிதம் மென்மையானது, பிளேடை என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். காகிதத்தில் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் கலந்திருக்கின்றன. மறுசுழற்சி அட்டையில் மணல்கூட இருக்கும். காகித விளிம்பு பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து வந்தால், அல்லது வெட்டும் சத்தம் கரகரப்பாக மாறினால், உடனே துண்டை உடைத்துவிடுங்கள். ஒரு துண்டின் விலை ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோதான்.

தடித்த பொருளை ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் மூன்று நான்கு லேசான இழுப்புகளில் வெட்டுங்கள். பிளேடை ஒன்றிரண்டு துண்டு மட்டும் வெளியே நீட்டுங்கள். தெர்மாகோல் மட்டும் விதிவிலக்கு: நீளமாக நீட்டி, தாழ்ந்த கோணத்தில், ரம்பம்போல இழுத்தால்தான் உருண்டைகள் பிய்யாமல் வரும். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம். பிளேடு அதைச் சீவிக்கொண்டு மேலே ஏறி, ஸ்கேலைப் பிடித்திருக்கும் விரலுக்கே வரும். ஸ்டீல் ஸ்கேல், கொஞ்சம் அகலமானதாக. பிடிக்கும் கை எப்போதும் பிளேடு போகும் பாதைக்கு வெளியே, பின்னால் இருக்க வேண்டும். பெட்டியை மடியில் வைத்து வெட்டாதீர்கள். கத்தி கீழே விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள், காலை இழுத்துக்கொண்டு விழவிடுங்கள். கத்தியைக் கீழே வைப்பதற்கு முன் பிளேடை உள்ளே தள்ளும் பழக்கம் கைக்கே வந்துவிட வேண்டும்.

உங்கள் தேவைக்கு வருகிறேன். வீட்டுக்கு மட்டும் என்றால், சக்கரப் பூட்டும் உலோகக் காடியும் உள்ள ஒரு 18 மி.மீ. கட்டர், பத்து பிளேடு உள்ள பாக்கெட் ஒன்று. பிள்ளைகளின் பள்ளி வேலை, ஸ்டிக்கர், பரிசுப் பொட்டலம் எல்லாம் இருந்தால் கூடவே ஒரு 9 மி.மீ. கட்டர், ஏ3 அளவு கட்டிங் மேட். பிள்ளைகள் கையில் நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது கொடுக்க வேண்டாம். பட்டறை என்றால் நாற்கர பிளேடு கத்தி ஒன்றும், அதற்குக் கொக்கி பிளேடு நான்கைந்தும், ஒரு மைக்கா கட்டரும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி வாங்கும்போதே அதே கடையில் அதற்கு மாற்று பிளேடு கிடைக்கிறதா என்று கேளுங்கள்; பொது அளவில் இல்லாத பிளேடு கேட்கும் கத்தி நாலு மாதத்தில் மூலையில் கிடக்கும். விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

உடைத்த துண்டுகளை எக்காரணம் கொண்டும் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். அந்தப் பையைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். பல ஊர்களில் அவருக்கு நல்ல கையுறைகூட இல்லை. மூடியுள்ள ஒரு பழைய தகர டப்பாவையோ தடித்த பிளாஸ்டிக் பாட்டிலையோ வேலை செய்யும் இடத்திலேயே வைத்து, மூடியில் ஒரு பிளவு போட்டு, உடைத்ததும் நேராக அதற்குள் போடுங்கள். வீட்டுப் புழக்கத்தில் அது நிறைவதற்கு வருடக்கணக்காகும். நிறைந்ததும் பிளவை டேப்பால் சுற்றி அடைத்து, மேலே ‘பிளேடு’ என்று பெரிய எழுத்தில் எழுதி, குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லிக் கையில் தனியாகக் கொடுங்கள். இரும்பு டப்பாவாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்காரரே எடுத்துக்கொள்வார், அவரிடமும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.